அனுமதி இல்லாத ஸ்கேன்

“மெஷின எங்க வெச்சிருக்க?” என்பதுதான் ரைட்டரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நான் தோள்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இதுலயேவா? இதுலயே ஆணா பொண்ணான்னு தெரிஞ்சிடுமா?” என்றார். என் வாழ்க்கையிலேயே மிகவும் பயந்திருந்த நாள் அது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவல் நிலையத்தில் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

புகார்களையும் வாக்குமூலங்களையும் எழுதும் ஏட்டை ஸ்டேஷனில் ரைட்டர் என்பார்கள். இவர் பெண் என்பதால் ரைட்டரம்மா. அவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கலாம், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். அவர் முன்னால் இருந்த மனுவில், ‘எங்கள் ஸ்கேன் சென்டரை மேற்படி நபர் எவ்வித அனுமதியும் இன்றி ஸ்கேன் செய்துள்ளார்’ என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் அனுமதி இல்லாத ஸ்கேன் என்றால் ஒரே அர்த்தம்தான். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ரகசியமாகப் பார்த்துச் சொல்வது. அது குற்றம் என்று ஒவ்வொரு ஸ்கேன் சென்டர் வாசலிலும் பலகை தொங்குகிறது. ரைட்டரம்மா நான் அப்படி ஒரு மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவள் என்று முடிவு செய்திருந்தார். இல்லை, நான் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குகளைப் பழுது பார்க்கிறவள், ஸ்கேன் என்றால் எங்கள் தொழிலில் வேறு என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் பெரிய ஏமாற்றம். “அப்ப மொதல்லேருந்து சொல்லு” என்று ஒரு புதிய தாளை எடுத்தார்.

நடந்தது இதுதான். நான் அப்போது இரண்டே அறைகள் கொண்ட ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். கடைகளுக்குக் கேமரா, வைஃபை, பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் கேபிள் இழுத்து இணைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. என் அப்பா தாமல் பக்கத்து ஊர்களில் வீட்டு வயரிங் செய்தவர். ஏணி மேல் ஏறிச் சுவரில் துளை போடுவது எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். முகூர்த்த நாட்கள் நெருங்கும் நேரத்தில் ஒரு பட்டுக்கடையில் பில் மெஷின்கள் அடிக்கடி நின்றுபோவதாகச் சொல்லி அழைத்தார்கள். நான் போய் லேப்டாப்பை இணைத்து, கடையின் நெட்வொர்க்கில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு ஸ்கேன் ஓடவிட்டேன். அதில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. லேப்டாப் ஒவ்வொரு முகவரியாக ‘இருக்கிறாயா’ என்று கேட்கும். இருப்பவை பதில் சொல்லும். கடையில் பதினோரு கருவிகள். பதில் வந்ததோ இருபத்து மூன்றிடமிருந்து. இணையம் கொடுத்தவர்கள் சோம்பேறித்தனமாகக் கீழ்க் கடைக்கும் மாடியிலிருந்த ஸ்கேன் சென்டருக்கும் மாடிப்படிக்கு அடியில் ஒரே பெட்டியில் கேபிளைச் செருகிவிட்டிருந்தார்கள். மேல்மாடியின் பன்னிரண்டு கருவிகளும் என் திரையில் வரிசையாக நின்றன.

அன்றைக்கு நான் செய்ததில் தவறில்லை என்று இன்றும் சொல்வேன். மறுநாள் செய்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது. கேபிள் மாற்ற வேண்டும் என்று கடையில் ஒரு சாக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, மேல்மாடியை மட்டும் குறிவைத்து மறுபடி ஸ்கேன் செய்தேன். ஆர்வம், வேறென்ன. அங்கே ஒரு கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு எதையும் கேட்கவில்லை. உள்ளே நோயாளிகளின் பெயர்கள், தேதிகள், ரிப்போர்ட்டுகள். ஊரில் பாதிப் பெண்கள் அதில் இருந்திருப்பார்கள். மூடிவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி திறந்து, தேடும் கட்டத்தில் ஒரே ஒரு பெயரைத் தட்டினேன். அது என் பெயர்.

காரணம் சின்னதுதான். என் மகள் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது அதே சென்டரில்தான் ஸ்கேன் எடுத்தோம். அவர்கள் கொடுத்த சிறு படத்தை ரேஷன் கார்டோடு பீரோவில் பத்திரமாக வைத்திருந்தோம். அந்தக் காகிதத்துக்குச் சூடு ஆகாது போலிருக்கிறது, இரண்டாவது கோடையிலேயே வெளுத்துப் போயிற்று. நானும் என் கணவரும் ஒரு வெற்றுத் தாளைக் காட்டி, “இதுதான் நீ” என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். பட்டுக்கடையின் பில் மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் படத்தை நான்கு வருடங்களுக்குப் பிறகு பார்த்தேன். மூக்கு அப்போதே என் மாமியாருடையது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடினேன். படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. வேறு யாருடைய ரிப்போர்ட்டையும் தொடவில்லை.

அன்று மாலை சென்டர் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெரிய நல்ல காரியம் செய்கிறோம் என்ற பெருமிதம். ‘உங்கள் நெட்வொர்க்கில் உள்ள ஓட்டைகள்’ என்று தலைப்புப் போட்டு, அவர்களுடைய பன்னிரண்டு கருவிகளையும் பெயரோடு பட்டியலிட்டு, ‘நோயாளிகளின் விவரங்கள் அனைத்தும் வெளியே தெரிகின்றன, உடனே தொடர்பு கொள்ளவும்’ என்று என் போன் நம்பரைப் போட்டு, உறையில் ஒட்டி வரவேற்பில் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அதைப் படித்தால் எனக்கே மிரட்டல் கடிதம் மாதிரித்தான் இருக்கிறது. டாக்டருக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு நாள் என் போன் மௌனமாக இருந்தது. மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள்.

முதலாளியிடம் சொன்னதும் அவர், “நீ போனது கடை வேலைக்கு. மேல் மாடியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. என் பேர இழுக்காதம்மா” என்று போனை வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நிஜம்தான். என் பயம் வேறு. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க் பிரிவில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. போலீஸ் சரிபார்ப்பு மட்டும் பாக்கி. என் மேல் வழக்கு என்று ஒரு வரி எழுதப்பட்டால் அந்த வேலை அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் மாதாமாதம் சம்பளம் வாங்கும் முதல் நிரந்தர வேலை அது. என் அம்மா அந்த ஆர்டரை லேமினேட் செய்து வைத்திருந்தார்.

நான் ஸ்டேஷனுக்குப் போன அன்று பெருமாள் கோயில் கருடசேவை. இன்ஸ்பெக்டர் முதல் காவலர் வரை எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். வாசலில் ஒரு காவலர், உள்ளே ரைட்டரம்மா, தலைக்கு மேல் கடகடவென்று ஒரு மின்விசிறி. “இது சைபர் க்ரைமுக்குப் போக வேண்டிய மனு. ஐயா வந்து முடிவு பண்ணுவாரு. அதுக்கு முன்னாடி எனக்குப் புரியணும். புரியாம ஒரு வரிகூட எழுத மாட்டேன்” என்றார். நான் புரியவைக்க ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு, அதை எடுத்துவிட்டேன். “தெருவுல நடந்து போறப்ப எந்த வீட்டுக் கதவு தொறந்திருக்குதுன்னு பாக்கற மாதிரி மேடம்.”

ரைட்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “எந்த வீடு தொறந்திருக்குதுன்னு பாத்துக்கினு போறவன் எல்லாம் இங்க ஏற்கெனவே ஒரு ரிஜிஸ்டர்ல இருக்கான்மா.”

நான் அவசரமாக அந்தக் கதவை மூடினேன். வேறு விதமாகச் சொல்லலாம் என்று, தறியில் இழை அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது மாதிரி என்றேன். அவர் வீட்டிலும் தறி உண்டு என்பது எனக்குத் தெரியாது. “யாரோட தறி? உன்னுதா, பக்கத்து வீட்டுதா? பக்கத்து வீட்டுத் தறில போயி நீ எதுக்கு இழை பாக்கற?” என்றார். “உவமை வேணாம்மா. அது பள்ளிக்கூடத்துல. நீ எங்க உக்காந்த, எந்த பட்டன அழுத்துன, திரைல இன்னா வந்துச்சு, அத மட்டும் சொல்லு.”

அப்படியே சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் ஒரு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, கறுப்பு மையில், அச்சுக் கோத்த மாதிரி எழுதிக்கொண்டே போனார். பன்னிரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்து நான் செய்த வேலையை, அலங்காரம் எதுவும் இல்லாமல் முதன்முறையாக நானே கேட்டேன். முதல் நாள் ஸ்கேன், கடைக்காரர் சொன்னதால். இரண்டாம் நாள் ஸ்கேன், யாரும் சொல்லாமல். ‘அனுமதி கேட்டாயா?’ ‘கேட்கவில்லை.’ ‘கேட்டிருக்க முடியுமா?’ ‘பதினாறு படி ஏறினால் போதும்.’ இதையும் எழுதினார். பிறகு, “உள்ள போனியா?” என்றார். இல்லை என்றேன். அவர் பேனா அந்த ‘இல்லை’யை எழுதியது. அடுத்து, சற்று நிறுத்தி, “பேரு எல்லாம் தெரிஞ்சுதுன்னியே, யார் பேரயாச்சும் படிச்சியா?” என்றார். வரிசையாக ஓடியது, படிக்கவில்லை என்றேன். அது உண்மை. உண்மையைச் சொன்ன வேகத்திலேயே மற்றதும் வெளியே வந்துவிட்டது. “ஒரே ஒரு ரிப்போர்ட் தொறந்தேன் மேடம். என்னுது. என் பொண்ணோட படம்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முன்பு எழுதிய ‘இல்லை’யை ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு டாக்டருக்குப் போன் செய்து வரச் சொன்னார்.

டாக்டர் வந்தபோது என்னைப் பார்க்காமலே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஐம்பது வயதுக்காரர், கோபத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். “இவங்க என்ன கேக்கப் போறாங்கன்னு ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல” என்றார். நான் எதையும் கேட்பதற்காக எழுதவில்லை என்பதே அவருக்குப் புதிய செய்தி. ரைட்டரம்மா அவரிடமும் அதே மாதிரி கேட்டார். ஏதாவது காணாமல் போயிற்றா, மாறியிருக்கிறதா, கம்ப்யூட்டர் நின்றுபோயிற்றா. எதுவும் இல்லை. பிறகு என் வாக்குமூலத்தை உரக்கப் படித்தார். என் மகளின் படம் வந்த இடத்தில் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“என் பேஷண்ட்டா நீங்க?”

“ஆமா டாக்டர். படம் வெளுத்துப் போச்சு.”

“வந்து கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல பிரிண்ட் போட்டுக் குடுத்திருப்பேனே!” என்று அவர் கத்தினார். அவ்வளவு சுலபமான வழி ஒன்று இருந்தது என் மூளைக்கு எட்டவே இல்லை. ஒரு கம்ப்யூட்டரைத் திறக்க எனக்கு ஆறு வழி தெரியும். ஒரு மனிதரிடம் கேட்கலாம் என்பது ஏழாவதாகக்கூடத் தோன்றவில்லை.

ரைட்டரம்மா தன் போனில் சட்டத்தை எடுத்து எங்கள் இருவருக்கும் நிதானமாகப் படித்தார். கம்ப்யூட்டரின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் உள்ளே போனால் அவர் நஷ்டஈடு கேட்கலாம். அதையே நேர்மையற்ற எண்ணத்தோடோ ஏமாற்றும் நோக்கத்தோடோ செய்தால் குற்றம், சிறையும் உண்டு. வெளியிலிருந்து ‘இருக்கிறாயா’ என்று கேட்பது மட்டும் உள்ளே போனதாகுமா என்று அவர் இரண்டு தடவை தேடினார். அதைப் பற்றி நேராக ஒரு வரியும் இல்லை. “அது வக்கீலுங்க சண்ட போடறதுக்கு விட்டுவெச்ச எடம்” என்றார். “ஆனா நீ அதோட நிக்கலியே. தொறந்துட்ட. அனுமதி இல்ல, அது உன் தப்பு, அது எழுதியாச்சு. கெட்ட எண்ணம் இருந்துச்சா இல்லியான்னு மனு குடுத்தவங்க சொல்லட்டும், ஐயா முடிவு பண்ணட்டும்.”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு கேட்ட கேள்வி நாங்கள் இருவரும் எதிர்பாராதது. “இப்பவும் அது தொறந்துதான் இருக்கா?” என்றார். கடிதத்தைப் படித்தவர் என் மேல் புகார் கொடுத்தாரே தவிர, ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. அந்த நிமிடமும் பட்டுக்கடையில் யார் வைஃபையைப் போட்டாலும் அந்தப் பெயர்கள் வரும். “ஒரு நிமிஷம் பாத்துச் சொல்லுங்க” என்று என் லேப்டாப்பைக் காட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “எழுதிக் குடுங்க டாக்டர். குடுத்தா உங்க எடத்துக்கே வந்து பாக்கறேன்.” ரைட்டரம்மா அன்று முதல்முறையாகச் சிரித்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தார்.

அந்தத் தாளை எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. ‘எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்க்க அனுமதிக்கிறேன்’ என்று டாக்டர் ஒரு வரியில் முடித்தார். ரைட்டரம்மா விடவில்லை. எந்த கம்ப்யூட்டர்? எத்தனை? இன்றைக்கு மட்டுமா, என்றைக்குமா? எத்தனை மணி வரை? ரிப்போர்ட்டைத் திறக்கலாமா, கூடாதா? ஏதாவது கெட்டுப்போனால் யார் பொறுப்பு? பார்த்ததை யாரிடம் சொல்லலாம்? எங்கள் தொழிலில் பெரிய பெரிய கம்பெனிகள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கும் ஒப்பந்தத்தை, அதைப் பற்றி எதுவும் கேள்விப்பட்டிராத ஒருவர், ஒரே பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். அன்று பிற்பகலே டாக்டரோடு மாடியேறி, மாடிப்படிக்கு அடியில் இருந்த கேபிளைப் பிரித்து, பாஸ்வேர்டு வைத்து, ஆறு மணிக்குள் முடித்தேன். ஆறு மணி வரை என்றுதான் தாளில் இருந்தது. டாக்டர் என் மகளின் படத்தைப் பிரிண்ட் போட்டு, உறையில் வைத்து, அதன் மேல் ‘அனுமதியுடன்’ என்று எழுதிக் கொடுத்தார். கோபம் முழுக்கத் தீரவில்லை, ஆனால் கேலி செய்யும் அளவுக்குக் குறைந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, நின்றபடியே இருபது நிமிடம் திட்டினார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தகுந்ததுதான். கெட்ட எண்ணம் இருந்ததாக நினைக்கவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் மனு வழக்காகாமல் முடிந்தது. வேலையில் சேர்ந்தேன். இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு, இப்போது காஞ்சிபுரத்திலேயே சொந்தமாக ஒரு சிறு கம்பெனி நடத்துகிறேன். மருத்துவமனைகளும் பள்ளிகளும் கூப்பிட்டு, தங்கள் நெட்வொர்க்கைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ரைட்டரம்மாவின் ஒரு பக்கத் தாளைத்தான் டைப் செய்து வைத்திருக்கிறேன். அதில் கையெழுத்து விழாமல் என்னிடம் வேலை செய்யும் இரண்டு பெண்களும் பையைக்கூடத் திறக்க மாட்டார்கள். சில வாடிக்கையாளர்கள், “அட, பாத்துக்கோம்மா, நமக்குள்ள என்ன” என்பார்கள். அவர்களிடம்தான் முதலில் கையெழுத்து வாங்குவேன்.

ஒரகடம் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய வாரத்தில், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ரைட்டரம்மாவைப் பார்த்தேன். மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை, காலடியில் மூன்று பைகள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அதற்குள் மேடம் போய் அக்கா ஆகிவிட்டிருந்தார். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அன்றைக்கு மனுவில் டாக்டர் ‘ஹேக் செய்தார்’ என்றும் எழுதியிருந்தாரே, அந்த ஒரு வார்த்தையை நீங்களும் எழுதியிருந்தால் என் கதை முடிந்திருக்குமே, ஏன் எழுதவில்லை?

“எனக்கு அதுக்கு அர்த்தம் தெரியல. தெரியாத வார்த்தய நான் எப்படிமா எழுதறது?” என்றார். பிறகு குழந்தையின் சட்டையைச் சரிசெய்தபடி, “அந்த லிஸ்ட்ல என் பேரும் இருந்துச்சு. தெரியுமா உனக்கு?” என்றார்.

எனக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துத் தரித்த பிள்ளையாம். ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போனதால், நான் ஸ்டேஷனுக்குப் போன நாளில் அவர் கணவரைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. அதற்கு முந்தின வாரம்தான் அந்தச் சென்டரில் முதல் ஸ்கேன் எடுத்திருந்தார். “நீ கதவு, தறின்னு அளந்துக்கினு இருக்க, எனக்கு உள்ள பகீர்ன்னுது. இவ என் ரிப்போர்ட்ட பாத்திருப்பாளோ, எங்க மாமியார் வரைக்கும் போயிருக்குமோன்னு. அதுக்காக ஒரு வார்த்த கூட்டியும் எழுதல, கொறச்சும் எழுதல. ஆனா அன்னிக்கி ஆறு மணிக்கி நீ போன் பண்ணி, மூடியாச்சு மேடம்ன்ன பாரு, அப்பதான் நான் சாப்ட்டேன்.”

குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது. பஸ் வந்துவிட்டது. பைகளை ஏற்றிவிட்டுக் குழந்தையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை அதன் கையிலிருந்து விடுவித்து என்னிடம் நீட்டிக்கொண்டே, “உண்மைய சொல்லு. என் பேரு தெரிஞ்சிருந்தா, தொறந்து பாத்திருப்பியா?” என்று கேட்டார்.

நான் யோசித்தேன். இல்லை என்று சொல்ல வாயெடுத்து, அவரிடம் ஒருமுறை அவசரப்பட்டுச் சொன்ன ‘இல்லை’ நினைவுக்கு வர, “தெரியலக்கா” என்றேன்.

“இதையும் எழுதிக்கவா?” என்று ரைட்டரம்மா பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.